பைத்தான் 3.13: பூ மார்க்கெட் கணக்கில் ஒரு வருஷம் ஓட்டிய பிறகு

பைத்தான் என்ற ப்ரோக்ராமிங் மொழியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகம், ஏஐ, வேலைவாய்ப்பு என்றே எழுதுகிறார்கள். நான் இங்கே பார்க்கப்போவது ஒரே ஒரு விஷயம். ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது தப்பாகப் போனால் அதை நமக்கு எப்படிச் சொல்கிறது, எந்த இடத்தில் சொல்லாமல் விடுகிறது என்பது மட்டும்தான். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூன்று கமிஷன் கடைகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறேன், மூன்றும் பைத்தான். போன தை வரை 3.8 பதிப்பு, அதற்கப்புறம் 3.13. அதே கடை, அதே தராசு, அதே ஆட்கள் என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்ததால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

மாறவேண்டி வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

தை மாதம் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். அன்று கிலோ 3000 ரூபாய். வலையங்குளம் பக்கமிருந்து வரும் ஒரு பெரியவர் 4 கிலோ 200 கிராம் போட்டிருக்கிறார். வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அந்தத் தேதிக்கு நேராக எடை பூஜ்யம், தொகை பூஜ்யம் என்று நிற்கிறது. 12,600 ரூபாய் காணவில்லை. அவர் சத்தமே போடவில்லை, மடியிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார், தராசில் நிற்கிற பையன் பேனாவில் எழுதிக் கொடுத்தது. கடைக்கார அண்ணன் பணத்தை அப்போதே எண்ணிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "தம்பி, இவரு சீட்ட பத்திரமா வச்சிருந்தாரு, சரியாப் போச்சு. சீட்டத் தொலைச்சவங்க எத்தன பேருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை.

போய்த் திறந்து பார்த்தேன். தராசு ஒரு கேபிள் வழியாக எடையை ஒரு வரியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதைப் படிக்க பைசீரியல் என்ற லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதி வைத்த கோடு. சொன்ன நேரத்துக்குள் வரி வராவிட்டால் அந்த லைப்ரரி பிழை என்று எதுவும் எழுப்பாது, வெற்று வரியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். கேபிள் முனை தளர்ந்து அன்று அப்படித்தான் வெற்று வரி வந்திருக்கிறது. அதை எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான் வேல்யூ எரர் என்ற பிழையை எழுப்பும், அது சரியான நடத்தை, வெறும் காற்றை எப்படி எண்ணாக்குவது. ஆனால் எனக்கு முன்னால் இந்த சாஃப்ட்வேரை எழுதியவர் அந்த இடத்திலேயே ட்ரை, எக்செப்ட் (பிழை வந்தால் அதைப் பிடித்து என்ன செய்வது என்று சொல்லும் கட்டளைகள்) போட்டு, எந்தப் பிழை வந்தாலும் எடை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே போகும்படி செய்திருந்தார். ப்ரோக்ராம் நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அது நிற்கவும் இல்லை, பூஜ்யத்தோடு பில்லைப் போட்டு, சேமித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டது.

இதில் பைத்தான் என்ன செய்ய வந்தது, அதை எது தடுத்தது என்று கடையை வைத்தே சொல்கிறேன். பில் பட்டனை அமுக்கினால் பில் போடும் ஃபங்ஷன், அதாவது அந்த ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு, ஓடும். அது சீட்டு தயார் செய்யும் ஃபங்ஷனைக் கூப்பிடும், சீட்டு தராசைப் படிக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கூப்பிடும்போது தான் விட்ட இடத்தையும் தன் கையில் இருந்த விவரங்களையும் அப்படியே வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைத்தான் கால் ஸ்டாக் என்கிறோம். கடைசியாகக் கூப்பிடப்பட்டதில் பிழை வெடித்தால், பைத்தான் முதலில் அங்கேயே இதைக் கவனிக்க யாராவது எக்செப்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும். இல்லையென்றால் அந்த ஃபங்ஷனை அத்தோடு முடித்துவிட்டு, அதைக் கூப்பிட்டவரிடம் போகும். அங்கும் இல்லையா, அவரைக் கூப்பிட்டவர். இப்படியே போய், கூப்பிட ஆரம்பித்த முதல் வரி வரைக்கும் யாரும் கையில் வாங்காவிட்டால், வந்த வழி முழுவதையும் எழுதிக் காட்டிவிட்டு ப்ரோக்ராம் முடியும், வெளியேறும் எண் 1 என்று இருக்கும், தோற்றது என்று அர்த்தம். அந்த வழிக்குறிப்புதான் ட்ரேஸ்பேக்.

தராசில் நிற்கிற பையனுக்கு எடை வரவில்லை என்றால் அவன் கணக்குப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளையால் முடிவு செய்ய முடியாவிட்டால் முதலாளியிடம் போகும், முதலாளி "பூவை இறக்கி மறுபடி நிறு" என்பார். பையனே "சரி, பூஜ்யம்னு போட்டுக்குவோம்" என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்று அந்த 12,600 ரூபாயில் பார்த்தோம். பிழை எங்கே பிறக்கிறதோ அங்கே அதற்கு என்ன செய்வது என்று பெரும்பாலும் தெரியாது. தெரிந்த ஆள் இரண்டு மூன்று படி தள்ளி இருக்கிறார், அவரிடம் போய்ச் சேரும்வரை நடுவில் யாரும் அமுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, அந்த எக்செப்ட்டை எடுத்துவிட்டேன். அப்போது இன்னும் 3.8 தான். மறுநாள் விடியுமுன் போன். "தம்பி, பட்டன அமுக்குறேன், ஒண்ணுமே நடக்கல. அங்கிட்டு லாரி வந்து நிக்கிது." சத்தமாக வரவேண்டிய பிழை எங்கே போனது?

இங்கேதான் பைத்தானோடு சேர்ந்து வரும் டிகேஇன்டர் மீது எனக்குப் பெரிய குறை இருக்கிறது. ஜன்னல், பட்டன் எல்லாம் அதில்தான் செய்திருந்தோம். பட்டனை அமுக்கியதும் ஓடும் ஃபங்ஷனில் பிழை எழுந்து யாரும் பிடிக்காவிட்டால், அது ப்ரோக்ராமின் உச்சி வரை போகாது. டிகேஇன்டர் நடுவில் வாங்கி, ட்ரேஸ்பேக்கை எரர் வெளியீட்டில் எழுதிவிட்டு, ஜன்னலைத் தொடர்ந்து ஓடவிடும். கருப்புத் திரை திறந்திருந்தால் அதில் தெரியும். ஆனால் கடைகளில் கருப்புத் திரை வேண்டாம் என்று பைத்தான்டபிள்யூ வழியாக ஓட்டுவோம், அதில் எரர் வெளியீடு என்ற இடமே கிடையாது. எழுதுகிறது, எழுதியது எங்கும் போய்ச் சேரவில்லை. புதிதாக டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் செய்கிற எல்லாரும் இதில் ஒரு தடவையாவது விழுகிறார்கள், 3.13இலும் இந்த நடத்தை மாறவில்லை.

தீர்வு இருக்கிறது, சின்னதுதான். இப்படிப் பிழை வந்தால் டிகேஇன்டர் கூப்பிடும் ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன் என்ற ஃபங்ஷனை நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் அதில் இரண்டே வேலை வைத்தேன். முழு ட்ரேஸ்பேக்கையும் தேதி, நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுது, கடைக்காரருக்குத் தமிழில் ஒரு பெட்டியைக் காட்டு. தராசுப் பிழையாக இருந்தால் "தராசிலிருந்து எடை வரவில்லை, வயரைச் சரிபார்த்து மறுபடி நிறுக்கவும்" என்று வரும். வேறு பிழையென்றால் பில் சேமிக்கப்படவில்லை என்றும் என் நம்பரும் வரும். நடுவில் இருந்த பதினேழு எக்செப்ட்களையும் எடுத்துவிட்டேன், இப்போது ப்ரோக்ராம் முழுவதிலும் பிழையைக் கையில் வாங்கி முடிவெடுக்கும் இடம் மேலே அது ஒன்றுதான்.

இனி 3.13க்கு வருகிறேன், ஏன் மாறினேன் என்றால் ட்ரேஸ்பேக்கின் தரம். பழைய 3.8 எந்த ஃபைல், எந்த வரி, எந்த ஃபங்ஷன் என்று மட்டும் சொல்லும். ஒரே வரியில் நான்கு விஷயம் நடந்தால் எதில் என்று சொல்லாது. எங்களிடம் விவசாயி முன்பணம் வாங்கியிருந்தால் அதைப் பில்லில் கழிக்கும் வரி ஒன்று உண்டு. விவசாயி, அவர் கணக்கு, கணக்கில் முன்பணம், முன்பணத்தில் மீதி என்று அடைப்புக்குறிகள் வரிசையாகப் போகும். இதில் ஏதோ ஒன்று நன் (None), அதாவது மதிப்பே இல்லாமல் காலியாக இருந்தால் 3.8 அந்த முழு வரியையும் காட்டி ஒதுங்கிக்கொள்ளும், எது என்று கண்டுபிடிக்க நான் உசிலம்பட்டி வண்டி வருவதற்குள் மாட்டுத்தாவணிக்கு ஓட வேண்டும். 2022 அக்டோபரில் வந்த 3.11 முதல், வரியின் எந்தத் துண்டில் பிழை வந்ததோ அதற்கு அடியில் சின்னக் கூரைக்குறிகள் (^) போட்டுக் காட்டுகிறது. கடைக்கார அண்ணன் ஃபைலை வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும், முன்பணம் என்ற துண்டுக்கு நேராகக் கோடு இருப்பதைப் பார்த்து வீட்டிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இது ஒன்றுக்காகவே மாறலாம்.

3.13 ட்ரேஸ்பேக்கை டெர்மினலில், அதாவது கருப்புத் திரையில், வண்ணத்தில் காட்டுகிறது. நான் வீட்டில் சோதிக்கும்போது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, கடையில் ஃபைலில்தான் எழுதுவதால் அங்கே அதனால் பெரிய பயன் இல்லை. பெயரைத் தப்பாக அடித்தால் "இதைச் சொல்ல வந்தீர்களா" என்று கேட்பது 3.10இலேயே வந்துவிட்டது. இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஆட் நோட், இதுவும் 3.11 முதல். பிழை மேலே போகிற வழியில் நடுவில் ஒரு ஃபங்ஷன் அதைப் பிடித்து, சீட்டு எண் 418, விவசாயி கணக்கு எண் 92 என்று ஒரு குறிப்பை ஒட்டி, அதே பிழையை மறுபடி எழுப்பலாம். ட்ரேஸ்பேக்கின் கடைசியில் அந்தக் குறிப்பும் வரும். நடுவில் இருப்பவர் அமுக்காமல், தனக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொல்லி அனுப்புவது இதுதான். கணக்குப்பிள்ளை செய்ய வேண்டிய வேலையும் அதுதானே.

ட்ரேஸ்பேக்கை எப்படிப் படிப்பது என்று புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. பைத்தான் கடைசியில் நடந்ததைக் கடைசியில் போடும், அதனால் அடியிலிருந்து மேலே படியுங்கள். அடி வரியில் பிழையின் வகையும் செய்தியும், அதற்கு மேலே வெடித்த இடம், அதற்கு மேலே கூப்பிட்டவர்கள். ஜாவாவில் இது தலைகீழ், வெடித்த இடம் மேலே இருக்கும். இரண்டிலும் வேலை செய்கிற பையன்கள் இதில் குழம்பி, லைப்ரரிக்குள் இருக்கும் வரியைப் போய் நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சொந்த ஃபைல் பெயர் அடியிலிருந்து முதலில் எங்கே வருகிறதோ அங்கே நின்று பாருங்கள், பத்துக்கு எட்டு தடவை விடை அங்கே இருக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு பிழையைக் கவனிக்கும்போதே இன்னொரு பிழை வந்தால் இரண்டையும் காட்டும், நடுவில் "முந்தையதைக் கவனிக்கும்போது இன்னொன்று நிகழ்ந்தது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அங்கே மட்டும் மேலே இருப்பதை முதலில் படியுங்கள், மூலகாரணம் அதுதான்.

பிழை போகிற வழியில் திறந்து கிடப்பதை மூடுவது இன்னொரு பெரிய விஷயம். ஃபங்ஷன் பாதியில் முடிக்கப்படுகிறது இல்லையா, அது திறந்த தராசு போர்ட்டை, அதாவது கேபிள் இணைப்பை, யார் மூடுவது? ஃபைனலி (பிழை வந்தாலும் வராவிட்டாலும் கட்டாயம் ஓடும் பகுதி) எழுதியிருந்தால், அல்லது வித் போட்டுத் திறந்திருந்தால், பிழை அந்த வழியாகக் கடந்து போகும்போதே மூடிவிட்டுத்தான் போகும். எங்கள் பழைய கோடில் அது இல்லை. ஒரு தடவை பிழை வந்தால் போர்ட் திறந்தபடியே நின்று, அடுத்த தடவை விண்டோஸ் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும், ப்ரோக்ராமை மூடித் திறந்தால்தான் சரியாகும். கடைசி ட்ரேஸ்பேக்கை டிகேஇன்டர் கையில் வைத்துக்கொண்டிருக்கும், ட்ரேஸ்பேக் உயிரோடு இருக்கும்வரை அது தொட்ட ஃபங்ஷன்களின் விவரங்களும் உயிரோடு இருக்கும், அதனால் போர்ட் தானாக விடுபடாது என்பது எனக்குப் புரியவே இரண்டு வாரம் ஆனது.

டேட்டாபேஸிலும் இதேதான். கணக்கைச் சேமிக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் இணைப்பை வித் போட்டுப் பயன்படுத்தினால், உள்ளே பிழை எதுவும் இல்லாவிட்டால் உறுதி செய்யும். பிழை கடந்து போனால் அதுவரை எழுதியதைத் திரும்ப எடுத்துவிட்டு, பிழையை மேலே அனுப்பும். முன்பணம் கழிந்துவிட்டது, ஆனால் பில் எழுதப்படவில்லை என்ற பாதிக் கணக்கு இதனால் வராது. ஒரு எச்சரிக்கை, அந்த வித் இணைப்பை மூடாது. மூடுவதை நீங்கள்தான் தனியாகச் செய்ய வேண்டும்.

இப்போது இரண்டாவது பெரிய குறை, த்ரெட், அதாவது ப்ரோக்ராமுக்குள் தனியாகப் பக்கத்தில் ஓடும் வேலை. பில் போட்டதும் விவசாயிக்குக் குறுஞ்செய்தி போகும், அதற்காகப் பட்டன் காத்திருக்கக் கூடாது என்று வேலைகளை வாங்கிச் செய்யும் த்ரெட்களின் கூட்டமான த்ரெட் பூல் ஒன்றில் விட்டிருந்தோம். 11 நாள் ஒரு செய்தியும் போகவில்லை, எங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை. மேலூர் பக்கத்து அக்கா ஒருவர் "இப்பல்லாம் மெசேஜே வர்றதில்லையே" என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கால் ஸ்டாக். அதில் எழும் பிழை அந்தத் த்ரெட்டின் உச்சி வரைதான் போகும், மெயின் ப்ரோக்ராமுக்குத் தாவாது. சாதாரண த்ரெட் என்றால் ட்ரேஸ்பேக்கை அச்சிட்டுவிட்டு அது மட்டும் செத்துப்போகும். த்ரெட் பூலிலோ பிழை ஃப்யூச்சர் என்ற பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், நாம் ரிசல்ட் கேட்டால்தான் வெளியே வரும். நாங்கள் கேட்கவே இல்லை. சாதாரண த்ரெட்களுக்கு த்ரெட்டிங் எக்செப்ட்ஹூக் என்று 3.8இலிருந்தே ஒரு வசதி இருக்கிறது, அது பூலுக்கு உதவாது, பூலுக்கு வேலை முடிந்ததும் கூப்பிடும்படி ஒரு ஃபங்ஷனை நாமே மாட்ட வேண்டும். கேட்காத பிழையைப் பற்றி ஒரு எச்சரிக்கையாவது தருவதை இவர்கள் இயல்பாகவே வைத்திருக்கலாம். அதே பைத்தானில் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஏசிங்க்ஐஓ, யாரும் கேட்காத பிழையோடு ஒரு டாஸ்க் குப்பைக்குப் போனால் அதைச் சொல்கிறதே.

மற்ற மொழிகளோடு பார்த்தால், கோ மொழியில் ஒரு கோரூட்டினில் (அதன் த்ரெட் மாதிரி) பேனிக் என்ற பிழை வந்து யாரும் பிடிக்காவிட்டால் முழு ப்ரோக்ராமும் நின்றுவிடும். ஜாவாஸ்க்ரிப்டை ஓட்டும் நோடு ஜேஎஸ்ஸும் 2020இல் வந்த 15ஆம் பதிப்பு முதல், கவனிக்கப்படாத ப்ராமிஸ் நிராகரிப்பு (பின்னால் விட்ட வேலை தோற்றது) வந்தால் ப்ராசஸை நிறுத்திவிடுகிறது, அதற்கு முன் எச்சரிக்கை மட்டும்தான். இரண்டும் கடுமையான வழிதான், ஆனால் 11 நாள் இருட்டில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அது பிடித்திருக்கிறது.

செலவு என்று பார்த்தால் பைத்தான் இலவசம், மெஷின்தான் செலவு. கடையில் இருந்தது விண்டோஸ் 7, அதில் 3.8தான் கடைசி, 3.9 முதலே ஏறாது, 3.13க்கு விண்டோஸ் 10 வேண்டும். டவுன் ஹால் ரோட்டில் பழைய மெஷின் ஒன்று வாங்கினோம். அண்ணன் கணக்கில் கெட்டி, இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கழித்த ஒன்று டிகேஇன்டருக்கும் த்ரெட் பூலுக்கும் பாதிப் பாதி. ஜன்னல் இல்லாத, இரவில் தானாக ஓடும் வேலைகளுக்கு மட்டும் என்றால் முழு ஐந்தும் கொடுப்பேன். இரவு பேக்கப் எடுக்கும் எங்கள் ஸ்க்ரிப்ட் விழுந்தால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் கடைசி முடிவு 1 என்று நிற்கிறது, காலையில் கடையைத் திறக்கும் பையன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு எனக்குச் சொல்கிறான், அவனுக்கு இதைத் தவிர வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை.

2025 அக்டோபரில் 3.14 வந்துவிட்டது. ஃபைனலிக்குள் ரிட்டர்ன் (ஃபங்ஷனை முடித்துத் திரும்பச் சொல்லும் கட்டளை) எழுதினால், மேலே போய்க்கொண்டிருக்கும் பிழை அங்கேயே சத்தமில்லாமல் மறைந்துபோகும். அப்படி எழுதியிருந்தால் 3.14 எச்சரிக்கை தருகிறது. வீட்டு மெஷினில் போட்டுப் பழைய கோடை ஓட்டியபோது அந்த எச்சரிக்கை ஒரு இடத்தில் வந்தது, முன்பணம் கழிக்கும் அதே ஃபைல், என் கண்ணில் ஒரு வருஷமாகப் படாத வரி. அதை உடனே சரிசெய்து மூன்று கடைக்கும் கொடுத்துவிட்டேன், அந்த ஃபங்ஷன் ஓடிய பழைய பில்களை எடுத்துச் சீட்டுக் கட்டோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதிப்பை மாற்றுவது தை முகூர்த்தம் எல்லாம் முடிந்து மார்க்கெட் கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான்.